நீங்களே அடியுங்கோ: பெற்றோல் குழாய் எங்கட கைக்கு வந்த கதை

ஊரில் பெற்றோல் செட்டுக்குப் போனால் வாகனத்தை விட்டு இறங்கத் தேவையில்லை. செட்டுக்கார அண்ணை வருவார். "எவ்வளவுக்கு?" என்று கேட்பார். மூடியைத் திறப்பார், மீற்றரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவருவார், அடித்து முடிய மூடியை இறுக்குவார். காசை நீட்டினால் மிச்சம் வரும். எங்கட வேலை மீற்றரில் ஒரு கண் வைத்திருப்பது மட்டும்தான்.

ஜேர்மனிக்கு வந்து பார்த்தால் குழாய் இருக்கு, மீற்றர் இருக்கு, அண்ணையைக் காணவில்லை.

புத்தாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேணும் என்று சங்கத்தில் கேட்டார்கள. சங்கிலியனையும் பண்டாரவன்னியனையும் பற்றி எழுத என்னிலும் படித்தவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். நான் ஏ.எல். எடுத்ததோடு படிப்பை விட்டவன். ஒரு கிழமை பகல், ஒரு கிழமை இரவு என்று மாறிமாறி ஷிப்ற் செய்கிற தொழிற்சாலைக்காரன். எனக்கு ஓரளவு தெரிந்தது இயந்திரமும், அதுக்கு முன்னால் நிற்கிற மனிசனும். ஆகவே, அந்தச் செட்டுக்கார அண்ணை எங்கே போனார் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் தேடப் போகிறேன். அவரைத் தேடிப் போனால் சுப்பர் மார்க்கெற், காசு மெஷின், போத்தல் மெஷின் எல்லாம் வழியில் வருகின்றன.

முதலில் ஒன்றைச் சொல்லவேணும். உலகத்தில் முதன்முதலாகத் தூரப் பயணத்தில் வண்டிக்கு எண்ணெய் வாங்கியது ஒரு பெண். அதுவும் இந்த நாட்டில். 1888ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பேர்த்தா பென்ஸ் என்ற அம்மா, கணவர் கார்ல் பென்ஸ் செய்து வைத்திருந்த மூன்று சில்லு மோட்டார் வண்டியை, அவருக்குச் சொல்லாமலே, தன் இரண்டு ஆண்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமில் இருந்து போர்ஸ்ஹைம் வரை ஓட்டிப் போனார். நூறு கிலோமீற்றருக்கு மேல். வழியில் எண்ணெய் முடிந்தது. பெற்றோல் செட் என்ற ஒன்றே அப்போது உலகத்தில் இல்லை. வீஸ்லொக் என்ற ஊரில் இருந்த மருந்துக்கடையில் லிக்ரோயின் வாங்கி ஊற்றினார். அது துணியில் கறை போக்கிறதுக்கு விற்கிற திரவம். எண்ணெய்க் குழாய் அடைத்தபோது தன் தொப்பி ஊசியால் குத்தி அடைப்பெடுத்தார் என்றும் சொல்வார்கள். அந்த மருந்துக்கடையைத்தான் இன்று உலகத்தின் முதலாவது பெற்றோல் நிலையம் என்கிறார்கள். இந்த அம்மாவின் கதை கட்டுரையின் கடைசியில் எங்களுக்குத் தேவைப்படும்.

அந்தக் காலத்து மருந்துக்கடையும் சரி, பலசரக்குக் கடையும் சரி, எங்கட ஊர்க்கடை மாதிரித்தான். முன்னுக்கு ஒரு மேசை. மேசைக்கு அங்காலை சாமான், இங்காலை சனம். இடையில் முதலாளி. "அரைக் கொத்து அரிசி, கால் றாத்தல் சீனி" என்று நாங்கள் சொல்ல, அவர் நிறுத்துச் சுற்றித் தருவார். காசில்லாவிட்டால் கொப்பியில் எழுதுவார். எந்த ஆளுக்கு எவ்வளவு கடன் குடுக்கலாம் என்று முகத்தைப் பார்த்து முடிவெடுக்கிறவரும் அவர்தான்.

இந்த மேசையைத் தூக்கி எறிந்தவர் கிளாரன்ஸ் சோண்டர்ஸ் என்ற அமெரிக்கர். 1916ஆம் ஆண்டு செப்ரெம்பரில் மெம்பிஸ் நகரத்தில் பிக்லி விக்லி என்ற விசித்திரமான பெயரில் ஒரு கடை திறந்தார். வாசலில் சுழலும் கதவு. உள்ளே போகிறவர் கையில் ஒரு கூடை. சாமான்கள் தட்டுகளில் திறந்தபடி. ஒவ்வொரு சாமானுக்கும் விலை எழுதி ஒட்டியிருக்கும். சுற்றிச் சுற்றி ஒரே பாதை, கடைசியில் காசு கட்டுகிற இடம். அடுத்த ஆண்டே இந்த அமைப்புக்குக் காப்புரிமையும் எடுத்துவிட்டார். நோக்கம் வேறொன்றுமில்லை: சாமான் எடுத்துக் குடுக்கிற பெடியளின் சம்பளம் மிச்சம். அந்த மிச்சத்தில் கொஞ்சத்தை விலைக் குறைப்பாகச் சனத்துக்குக் குடுத்தார், சனமும் வந்தது.

இன்றைக்கு எங்களுக்கு இது சாதாரணம். ஆனால் யோசித்துப் பாருங்கோ, அந்த ஒரு மாற்றத்தில் எத்தனை சங்கதி போனது என்று. பேரம் பேசுறது போனது. கடன் கொப்பி போனது. "அம்மாவுக்கு இப்ப எப்பிடி?" என்று முதலாளி கேட்கிறதும் போனது. அதேநேரம் ஆளைப் பார்த்து விலை சொல்கிற பழக்கமும், ஆளைப் பார்த்துப் பழுதானதைக் கட்டித் தருகிற பழக்கமும் போனது. இந்த இரண்டாவது விசயம் எங்களைப் போல அகதியாக வந்தவர்களுக்குச் சின்ன விசயமில்லை. டொச் ஒரு சொல்லும் தெரியாமல் நான் இந்த நாட்டில் வாங்கிய முதல் பாண், பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் குடுத்த அதே விலைக்குத்தான் எனக்கும் கிடைத்தது. விலையை ஒரு கடதாசி சொன்னது. ஆள் சொல்லவில்லை.

சோண்டர்ஸ் பங்குச் சந்தையில் விளையாடப் போய் 1923இல் தன் கம்பனியையே இழந்தார். அது வேறு கதை. அவருடைய யோசனை நின்றுவிட்டது. 1937இல் ஒக்லஹோமா நகரத்துக் கடைக்காரர் சில்வன் கோல்ட்மன் சில்லுப் பூட்டிய வண்டிலைக் கொண்டுவந்தார். கூடை பாரமானால் சனம் வாங்குகிறதை நிறுத்துது என்று கவனித்தவர் அவர். முதலில் ஒருவரும் வண்டிலைத் தொடவில்லையாம். ஆம்பிளைகளுக்குக் கூடை தூக்க ஏலாதோ என்ற ரோசம். பெண்களுக்கு, பிள்ளைவண்டில் தள்ளிக் களைத்தது போதும் என்ற எண்ணம். கடைசியில் கூலிக்கு ஆள் பிடித்து, வாடிக்கையாளர் மாதிரி வண்டில் தள்ள விட்டுத்தான் மற்றவர்களைப் பழக்கினார்.

ஜேர்மனியில் முதலாவது சுயசேவைக் கடை 1938இல் ஒஸ்னாபுரூக்கில் ஹேர்பேட் எக்லோ என்ற வியாபாரியால் திறக்கப்பட்டது. பிறகு யுத்தம். யுத்தம் முடிந்து 1950களில்தான் இது பரவியது. எங்கட சனத்துக்கு நெருக்கமான கடை என்றால் அல்டி. எஸ்ஸன் நகரத்தில் தாய் நடத்திய சின்னப் பலசரக்குக் கடையைப் பொறுப்பெடுத்த கார்ல், தியோ அல்பிரெக்ற் என்ற இரண்டு சகோதரர்கள், 1961இல் கடைகளை வடக்கு தெற்கு என்று பிரித்துக்கொண்டார்கள். சிகரெற் விற்கிறதா இல்லையா என்பதில் வந்த பிரச்சினை என்று சொல்லப்படுகிறது. எங்கட ஊரில் சகோதரங்கள் காணி எல்லையில் பிரியும், இவர்கள் சிகரெற்றில் பிரிந்தார்கள். அவர்களுடைய முறை எளிது: கொஞ்ச வகைச் சாமான், அதையும் பெட்டியில் இருந்து எடுத்து அடுக்காமல் பெட்டியோடே வைக்கிறது. அடுக்குகிற ஆளின் சம்பளமும் மிச்சம். மெம்பிஸ் கணக்குத்தான், இன்னும் ஒரு படி கூட.

இனிப் பெற்றோலுக்கு வருவோம். கடையில் மேசையை எடுத்தமாதிரிச் செட்டில் அண்ணையை எடுக்க ஏன் இவ்வளவு காலம் பிடித்தது? பயம்தான். அரிசியைச் சனம் தொட்டால் ஒன்றும் நடக்காது. பெற்றோலைத் தொட்டால் எரியும். 1947இல் லொஸ் ஏஞ்சல்ஸில் ஃபிராங்க் உல்ரிக் என்பவர் துணிந்து, "நீங்களே அடித்தால் ஐந்து சதம் மிச்சம்" என்று விளம்பரம் போட்டு ஒரு நிலையம் திறந்தார். மற்ற நிலையக்காரர் சும்மா இருப்பார்களா? தீப்பிடிக்கும், சனம் சாகும் என்று சத்தம் போட்டார்கள். பல மாநிலங்கள் தடை போட்டன. நியூ ஜேர்சி மாநிலம் 1949இல் போட்ட தடையை இன்றும் எடுக்கவில்லை. அங்கே போனால் ஊர் மாதிரிக் காருக்குள்ளே இருக்கலாம். ஒரிகன் மாநிலம் 1951இல் போட்டது. 2023இல்தான் மாநிலம் முழுவதுக்கும் எடுத்தார்கள்.

பயத்தைக் குறைத்தது சட்டம் இல்லை, குழாய் வாயில் இருக்கிற ஒரு சின்ன வால்வு. டாங்க் நிறைந்ததும் "டக்" என்று தானாக நிற்குதே, அதுக்குக் கரண்டோ கொம்பியூற்றரோ கிடையாது. குழாய் முனையை அடுத்தமுறை குனிந்து பாருங்கோ, நுனிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை தெரியும். பெற்றோல் வேகமாக ஓடும்போது அந்த ஓட்டையால் காற்றும் உள்ளே இழுபடும். டாங்கில் பெற்றோல் மட்டம் உயர்ந்து ஓட்டையை மூடினால் காற்று வரேலாது. உள்ளே வெற்றிடம் உண்டாகும். அந்த வெற்றிடம் ஒரு மெல்லிய தோல் மாதிரியான தகட்டை இழுக்க, கொழுக்கி கழன்று, விசைக்கம்பி வால்வைப் பூட்டிவிடும். எங்கட தொழிற்சாலையில் காற்றழுத்தத்தில் ஓடுகிற மெஷின்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு மலிவாகவும் இவ்வளவு பிழையில்லாமலும் வேலை செய்கிற சாமான் குறைவு. "டக்" சத்தம் கேட்ட பிறகும் கணக்கை முழுசாக்க வேணும் என்று திரும்பத் திரும்ப அமத்துகிற அண்ணைமார் இந்த ஓட்டையை நினைக்கவேணும். சூட்டில் பெற்றோல் விரியும். அதுக்கு டாங்கில் இடம் விடவேணும்.

ஜேர்மனியில் சுயசேவைப் பெற்றோல் பரவியது 1970களில். 1973இல் அரபு நாடுகள் எண்ணெயைக் குறைக்க, விலை ஏறியது. அந்த ஆண்டு நவம்பர் 25 தொடங்கி நான்கு ஞாயிற்றுக்கிழமை கார் ஓடவே தடை. பெருந்தெருவில் சனம் சைக்கிளிலும் நடந்தும் போன படங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். லாபம் குறைந்த நிலையக்காரர் முதலில் கை வைத்தது ஆள் சம்பளத்தில். கண்ணாடி துடைத்து, எஞ்சின் ஒயில் பார்த்து, சில்லுக்குக் காற்றடித்த பெடியன் வீட்டுக்குப் போனான். 1970ஐ ஒட்டி மேற்கு ஜேர்மனியில் மட்டும் ஏறக்குறைய 46,000 நிலையங்கள் இருந்தன. இன்று கிழக்கும் சேர்ந்த முழு நாட்டிலும் ஏறக்குறைய 14,000தான்.

மிஞ்சிய நிலையங்கள் கடையாக மாறின. அதுக்கும் ஒரு சட்டம் காரணம். 1956ஆம் ஆண்டுக் கடைப்பூட்டுச் சட்டம் என்று ஒன்று. 1980களில் இங்கே வந்த எங்கட அண்ணைமார் அதை மறக்கமாட்டினம்: வேலைநாளில் மாலை 6.30க்குக் கடை பூட்டு, சனிக்கிழமை பின்னேரம் 2 மணிக்குப் பூட்டு, ஞாயிறு முழுநாளும் பூட்டு. பகல் ஷிப்ற் முடிந்து வருகிறவருக்குப் பால் வாங்கக் கடை இல்லை. பெற்றோல் நிலையத்துக்கு விலக்கு. பயணிகளுக்குத் தேவையான சாமானை இரவிலும் ஞாயிறிலும் விற்கலாம். ஆகவே பாலும் பாணும் கூடின விலைக்கு அங்கே வாங்கினோம். 1989இல் வியாழக்கிழமை மட்டும் இரவு 8.30 வரை என்றார்கள். 1996இல் வேலைநாள் எல்லாம் 8 மணி வரை திறக்க விட்டார்கள். அதுக்குள்ளே நிலையத்துக் கடை நிலைத்துவிட்டது. எங்கட பெடியள் கனபேர் இரவில் கசாவில் நின்று டொச் பழகியது அங்கேதான். குழாயடியில் இருந்து போன அண்ணை, இப்படிக் கண்ணாடிக்குப் பின்னால் கொஞ்சக் காலம் இருந்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இடையில் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. பெற்றோல் விசயத்தில் "நீங்களே பாருங்கோ" என்று எங்களை விட்டது ஜேர்மன்காரர் இல்லை. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. கரண்டும் இல்லை. நான் அப்போது கைக்குழந்தை. அப்பா சொல்லக் கேட்டதும், பிறகு நானே கண்டதும்தான் இது. போத்தலில் விற்கிற கொஞ்சப் பெற்றோலைக் காபுரேற்றருக்குள் பீச்சி ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுவினம். பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் புகை கக்கிக்கொண்டு ஓடின. சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டோம். பஞ்சைத் திரியாக்கி ஜாம் போத்தலில் விளக்கு எரித்துப் படித்தோம். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை திரும்பப் பூட்டியபோது நான் ஏ.எல். வகுப்பில். சங்கக்கடையில் குடும்ப அட்டையைக் காட்டி, வரிசையில் நின்று, அளந்து தந்ததை வாங்கினோம். சீனிக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை. வடக்குக்கு வெளியில் இருந்த சனத்துக்கு இது 2022இல்தான் புரிந்தது. முழு இலங்கையிலும் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை, வரிசையிலேயே விழுந்து இறந்த முதியவர்கள், பிறகு கிழமைக்கு இவ்வளவு லீற்றர் என்று கியூஆர் அட்டை. 2023 செப்ரெம்பரில் அந்த அட்டையை நிறுத்தினார்கள்.

அந்த வரிசையில் நின்று பழகிய ஒருவன் இங்கே குழாயடிக்கு வந்தால் அதிசயப்படுகிற விசயம் ஒன்று இருக்கு. ஜேர்மனியில் பெரும்பாலும் முதலில் அடி, பிறகு உள்ளே போய்க் காசு கட்டு. 60 லீற்றர் பெற்றோலை, பெயர் கேட்காமல், அடையாள அட்டை கேட்காமல், எந்த ஆள் என்றே பார்க்காமல் விட்டுத் தருகிறார்கள். ஓடினால் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். கமெரா இருக்கு. 2011இல் இந்த நாட்டு உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது: பெற்றோல் வாகனத்துக்குள் விழுந்த அந்த இடத்திலேயே விற்பனை முடிந்துவிட்டது, காசு கட்டாமல் போனால் ஆளைத் தேடிப்பிடித்த செலவும் அவர் தலையில். அந்த வழக்கில் கட்டாமல் விட்டது 10 யூரோ 1 சதத்துக்கு அடித்த டீசல். தேடிய செலவு அதைப்போலப் பல மடங்கு.

இப்போது இதை இன்னொன்றோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. 1993இல் இந்த நாடு அகதி விண்ணப்பகாரருக்கென்று தனிச் சட்டம் ஒன்று போட்டது. குடும்பத் தலைவருக்கு மாதம் 360 மார்க் பெறுமதி. அதைக் கூடியவரை காசாகக் குடுக்கக்கூடாது, சாமானாக அல்லது கூப்பனாகக் குடுக்கவேணும். கைச்செலவுக்கு மட்டும் 80 மார்க் காசு. எங்கட சங்கத்தில் மூத்த அக்கா ஒருவர் சொல்வார், அரிசி தின்கிற பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கும் ரின் மீனும் கட்டிய பொதி கிழமைக்கு இரண்டுதரம் ஹைமுக்கு வருமாம். எது வேணும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் வந்தது 2010இல். மார்க் போய் யூரோ வந்திருந்தது, தொகை மட்டும் மாறவில்லை. 360உம் 80உம் 440 மார்க். அதை யூரோவாக்கினால் 224 யூரோ 97 சதம். அதேதான் 2010இலும். நான் இருந்த இடத்தில் 40 யூரோ 90 சதம் கையில் காசு, மிச்சத்துக்குக் கூப்பன். கூப்பனை நீட்டினால் கசாவில் இருக்கிற பிள்ளை மணி அடித்துப் பொறுப்பாளரைக் கூப்பிடும். அவர் வந்து கூப்பனைத் திருப்பிப் பார்ப்பார், பிறகு வண்டிலில் இருக்கிற சாமானை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பின்னால் வரிசை நீளும். ஒரு சொல்லும் பேசாமல் வாங்கலாம் என்று சோண்டர்ஸ் கண்டுபிடித்த கடையில், எங்களுக்கு மட்டும் அந்தப் பழைய மேசை திரும்ப வந்து நின்றது.

2012 ஜூலை 18ஆம் திகதி அரசியலமைப்பு நீதிமன்றம், இந்தத் தொகை மனிதர் கௌரவமாக வாழப் போதாது, 1993 தொடக்கம் விலைவாசி ஏறியும் தொகையை ஏற்றவில்லை என்று தீர்ப்பளித்தது. அதுக்குப் பிறகு தொகை கூடியது. கூப்பன் பல இடங்களில் போனது. 2024இல் சட்டம் மாறி, காசுக்குப் பதில் அட்டை வந்திருக்கு. மெஷினில் எவ்வளவு காசாக எடுக்கலாம் என்று அதில் வரம்பு போட்டிருக்கினம். சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்து வந்து இப்போது அந்த அட்டையோடு நிற்கிறவர்களைக் கசாவில் கண்டால், அவசரப்படாமல் பின்னுக்கு நிற்கிறது எங்களுக்குத் தெரியவேணும்.

பயணத்துக்கும் அப்படி ஒரு கட்டு இருந்தது. 1982 தொடக்கம் விண்ணப்பகாரர் தனக்கு ஒதுக்கிய பகுதியை விட்டு அனுமதியில்லாமல் வெளியில் போகேலாது. 2015இல் அதைத் தளர்த்தினார்கள். 2011இல் என் சிநேகிதன் ஒருவன் டாங்க் நிறையப் பெற்றோல் அடித்துக்கொண்டு, மச்சானின் கலியாணத்துக்குக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்றான். எனக்கு அனுமதிக் கடிதம் வரவில்லை. வந்தது கலியாணம் முடிந்து ஐந்தாம் நாள்.

மற்ற மெஷின்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜேர்மனியின் முதலாவது காசு மெஷின் 1968இல் ரூபிங்கனில் வந்தது. தெரிந்தெடுத்த ஆட்களுக்கு மட்டும் ஒரு திறப்பும், ஓட்டை போட்ட அட்டைகளும் குடுத்தார்களாம், ஒரு அட்டைக்கு 100 மார்க். போத்தல் காசு மெஷினை எல்லாக் கடையிலும் நிற்க வைத்தது 2003 ஜனவரி முதலாம் திகதி வந்த சட்டம். ஒருமுறை பாவிக்கிற போத்தலுக்கும் ரின்னுக்கும் 25 சதம். அந்த 25 சதத்துக்காகக் குப்பைக் கூடைக்குள் கை விடுகிற முதியவர்களைப் புகையிரத நிலையங்களில் கண்டிருப்பீர்கள். பணக்கார நாட்டில் நான் பார்க்க விரும்பாத காட்சி அது. இப்போது கடைகளில் சாமானை நாங்களே மெஷினில் காட்டிக் காசு கட்டுகிற முறையும் வந்துவிட்டது. கசாவில் இருந்த எங்கட அக்காமார், நிலையத்தில் இரவு நின்ற எங்கட பெடியள், இவர்களின் கதிரைதான் போகுது. வங்கிக் கிளைகள் பூட்டுப்படுகுது. அண்ணை எங்கே போனார் என்று கேட்டேன் அல்லவா? அவர் ஒரு இடமும் போகவில்லை. அவருடைய வேலையை நாங்கள் சம்பளமில்லாமல் செய்கிறோம். ஆரம்பத்தில் அதுக்கு ஐந்து சதம் குறைத்தார்கள். இன்று குறைக்கிறதுமில்லை.

பேசாமல் வாங்கலாம் என்று மேலே புகழ்ந்தேன். அதுக்கு ஒரு மறுபக்கமும் இருக்கு. முப்பது வருசம் இந்த நாட்டில் இருந்தும் நாலு வசனம் டொச் கதைக்க ஏலாத எங்கட பெரியவர்கள் கனபேர். கடையில் வாய் திறக்கத் தேவையில்லை, வங்கியில் மெஷின், பஸ்ஸுக்கு மெஷின். வெளிவேலை எல்லாம் கணவர் பார்ப்பார். கணவர் போய்விட்டால்?

சங்கத்தில் லைசென்ஸ் வைத்திருந்தும் ஒருநாளும் பெற்றோல் அடித்தறியாத அன்ரிமார் இருக்கிறார்கள். போன மாரியில் கணவரை இழந்த ஒரு அன்ரி, டாங்க் லைற் சிவப்பாகியதும் காரை வீட்டு வாசலில் விட்டுவிட்டு மூன்று மாதம் பஸ்ஸில் திரிந்தார். மகன் தூர நகரத்தில். ஒருவரிடமும் கேட்க வெட்கம். விசயம் தெரியவந்ததும், அவரையும் இன்னும் நாலு பேரையும் ஒரு சனிக்கிழமை காலையில், சனம் குறைந்த நேரமாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போனோம். நான் குழாயைத் தொடவில்லை. சொல்லிக் குடுத்தது இவ்வளவுதான்:

மூடி எந்தப் பக்கம் என்று டாஷ்போட்டில் பெற்றோல் படத்துக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி காட்டும். எஞ்சினை நிற்பாட்டவேணும். மூடிக்கு உள்பக்கத்தில் சுப்பரா, டீசலா என்று எழுதியிருக்கும். 2011 தொடக்கம் ஈ10 என்றும் ஒன்று இருக்கு, அது பெற்றோல் காருக்கு மட்டும், அதுவும் அந்தக் காருக்குப் பொருந்தும் என்றால். டீசல் குழாய் மொத்தம், பெரும்பாலும் பெற்றோல் காரின் வாய்க்குள் போகாது. ஆனால் பெற்றோல் குழாய் டீசல் காருக்குள் சுகமாகப் போகும், ஆகவே டீசல் கார் வைத்திருக்கிறவர்கள்தான் கூடக் கவனிக்கவேணும். மாறி அடித்துவிட்டால் திறப்பைத் திருப்பவே கூடாது, கராஜுக்கு அடித்துச் சொல்லவேணும். விலைப் பலகையில் கடைசியில் சின்னதாக நிற்கிற 9 ஒரு சதத்தில் பத்தில் ஒன்பது. அது கண்ணைக் கட்டுகிற வேலை, அடுத்த சதம் என்றே கணக்குப் பாருங்கோ. 2013க்குப் பிறகு நிலையங்கள் விலை மாற்றினால் அரச அலுவலகம் ஒன்றுக்கு உடனே அறிவிக்கவேணும், ஆகவே ரெலிபோனில் எங்கே மலிவு என்று பார்க்கலாம். முந்தி அனேகமாகக் காலையில் கூடவும் பின்னேரம் குறைவாகவும் இருந்தது.

பேர்த்தா பென்ஸ் அம்மாவின் கதையையும் அங்கே வைத்துச் சொன்னேன். "அவவுக்கு மருந்துக்கடைக்காரன் எண்டாலும் இருந்தான்" என்றார் அன்ரி.

பிறகு குழாயைக் கழற்றினார். இரண்டு கையாலும் பிடித்தார். "டக்" என்று நின்றதும் திடுக்கிட்டுப் பின்னுக்கு வந்து, என்னைப் பார்க்காமல் மீற்றரைப் பார்த்தார், ஊரில் பார்க்கிற மாதிரி. உள்ளே போய்ச் சொல்லவேண்டிய வசனத்தை வரும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கி வைத்திருந்தார். நாங்கள் வெளியில் கண்ணாடியால் பார்த்துக்கொண்டு நின்றோம். கசாப் பிள்ளை ஏதோ கேட்டது. அன்ரி நிமிர்ந்து நின்று சொன்னார்: "டீ ஃபியர், பிற்ற." நாலாம் இலக்கம், தயவுசெய்து.

சித்திரை விழா முடிந்து வருகிற அடுத்த சனிக்கிழமை காலையும் போகிறோம். வர விரும்புகிற அக்காமார், அன்ரிமார் விழாவன்று மண்டப வாசலில் நிற்கிற பெண்கள் பகுதிப் பொறுப்பாளரிடம் பெயரைக் குடுங்கோ. காரைக் கொண்டுவாருங்கோ, டாங்க்கை நிரப்பிக்கொண்டு வரவேண்டாம்.